பால்கோவா இல்லை சார், பால் கோகன்!

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன அத்தனை பேரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஓவியர்தான். நம்ப மாட்டீர்களா? ஐந்தாம் வகுப்பு டிராயிங் நோட்டில் 'இயற்கைக் காட்சி' வரைந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதிச் சூரியன், சுற்றிலும் சைக்கிள் போக்ஸ் கம்பி மாதிரி கதிர்கள். மலையிலிருந்து இறங்கும் ஆறு, வர வர அகலமாகி நோட்டை விட்டே வெளியே போய்விடும். கரையில் ஒரு குடிசை. குடிசையைவிடக் குட்டையாக ஒரு தென்னை மரம். ஆகாயத்தில் 'டிக்' மார்க் போட்ட மாதிரி நாலு காக்கா. கன்னியாகுமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரே காட்சி!

நானும் வரைந்தேன். எனக்கு ஊர் சுந்தரபாண்டியம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் வரும். பாதித் தெருவில் தறிச் சத்தம், பாதித் தெருவில் நெல் வாசனை. வீட்டு வாசலில் நின்று மேற்கே திரும்பினால் மலை. சதுரகிரி எல்லாம் அந்தப் பக்கம்தான். வகுப்பில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாகத் தெரியும். ஆனால் நான் ஜன்னலைப் பார்த்து வரையவில்லை. வாத்தியார் போர்டில் போட்ட முக்கோணத்தைப் பார்த்து வரைந்தேன். கீழே 'சூரிய உதயம்' என்று எழுதி, பத்துக்கு ஒன்பது மார்க்கும் வாங்கினேன்.

அந்தப் படத்தில் ஒரு பெரிய தப்பு இருந்தது. அது எனக்கு உறைக்க இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. எங்கள் ஊருக்கு மலை மேற்கே இருக்கிறது. சூரியன் அங்கே மறையுமே தவிர, உதிக்கவே உதிக்காது!

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் தேவைப்பட்டார்.

ராஜினாமாக் கடிதம்

எனக்கு ராஜபாளையத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. காலையில் பஸ், சாயங்காலம் பஸ். நடுவில் லெட்ஜர். லெட்ஜர் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகும் கழுத்து வலி மட்டும் அப்படியே இருக்கிறது. டிபன் பாக்ஸில் திங்கள் என்றால் லெமன் சாதம், செவ்வாய் என்றால் புளி சாதம். மேனேஜர் மட்டும் எல்லாக் கிழமையும் ஒரே மாதிரி இருப்பார்.

போன வருஷம் ஒரு சிநேகிதன் பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்தான். சாமர்செட் மாம் 1919-ல் எழுதிய 'தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்'. லண்டனில் ஒரு ஷேர் மார்க்கெட் ஆசாமி. வயது நாற்பது. மனைவி, பிள்ளைகள், மரியாதையான உத்தியோகம். ஒரு நாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓவியம் வரையப் பாரிஸுக்குப் போய்விடுகிறான். அதற்கு முன்னால் அவன் செய்த ஒரே முஸ்தீபு, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு வருஷம் மாலை வகுப்புக்குப் போனது. கடைசியில் தாஹிதித் தீவில் செத்துப் போகிறான், செத்த பிறகு மேதை ஆகிறான்.

படித்து முடித்தபோது ராத்திரி மணி ஒன்றரை. தூக்கம் வரவில்லை. ஆபீசில் வேலை பார்க்கிற எவனுக்காவது இந்தக் கதையைப் படித்துத் தூக்கம் வருமா, சொல்லுங்கள். எனக்கும் சின்ன வயதிலிருந்து கை துருதுருக்கும். வவுச்சர் பின்பக்கம் மேனேஜர் மூக்கை வரைந்து மாட்டிக்கொண்டவன் நான். அந்த ராத்திரியிலேயே வெள்ளைத் தாளில் எழுதினேன். 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு...'

தேதி மட்டும் போடவில்லை. மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அது லெமன் சாதத்தோடு ராஜபாளையம் போய் வந்தது.

மூன்றாவது நாள் என் மனைவி டிபன் பையை உதறினாள்.

"என்னங்க இது?"

சொன்னேன். புத்தகத்தைப் பற்றியும் சொன்னேன். "கதையில வர்றவன் கற்பனைதான். ஆனா நிஜமாவே ஒருத்தர் அப்படி இருந்தாரு. அவரை வச்சுத்தான் எழுதினாங்க. பால் கோகன்."

"பால்கோவாவா?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்த பெண்ணிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? "பால்கோவா இல்லை, பால் கோகன். பிரான்ஸ் தேசத்து ஓவியர். ஷேர் மார்க்கெட்ல வேலை பார்த்தவர்."

அவள் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்த ஆளோட பொண்டாட்டி என்ன ஆனா?"

எனக்குத் தெரியவில்லை சார். நாவலைப் படித்து முடித்தபோதுகூட நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. 'தெரியலை' என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தேட ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியர்

பால் கோகன் பிறந்தது 1848-ல், பாரிஸில். இளவயதில் கப்பலில் வேலை பார்த்தார், அப்புறம் கடற்படை. 1870-களின் தொடக்கத்தில், குஸ்தாவ் அரோசா என்ற குடும்ப நண்பரின் சிபாரிசில் ஷேர் மார்க்கெட் தரகர் பெர்த்தன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். சிபாரிசு அங்கேயும் உண்டு! அரோசா வீட்டுச் சுவரில் கோரோ, கூர்பே போன்ற பெரிய ஓவியர்களின் படங்கள் மாட்டியிருக்கும். பார்க்கப் போன பையனுக்கு அந்த ஜுரம் தொற்றிக்கொண்டது. ஆபீசிலேயே ஷுஃபனெக்கர் என்று ஒரு சக ஊழியர், அவருக்கும் அதே ஜுரம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் தூரிகையும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு அந்தக் காலத்தில் சாத்தியமானதற்கு மூன்று காரணம். ஒன்று, பெயின்ட் ட்யூப். அதற்கு முன்னால் எண்ணெய் வர்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைத்திருப்பார்கள். அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போக முடியுமா? 1841-ல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர ட்யூபைக் கண்டுபிடித்தார். நாம் தினமும் பல் தேய்க்கப் பிதுக்குகிறோமே, அதே ஜாதி. இரண்டாவது, ரயில். பாரிஸிலிருந்து சுற்றுவட்டக் கிராமங்களுக்குக் காலையில் போய் ராத்திரி திரும்பலாம். மூன்றாவது, மாதச் சம்பளம். ட்யூப் வாங்கவும் டிக்கெட் வாங்கவும் காசு வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை என்றதும் இடையில் ஒரு சேதி. நம் நாட்டு மில் தொழிலாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு சும்மா வந்துவிடவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே பல வருஷம் போராடித்தான் 1890-ல் வாங்கிக் கொடுத்தார். இனி ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்கும்போது அவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோகன் 1873-லேயே நிலக்காட்சி வரைந்தார். அதில் ஒன்று இன்றைக்கு இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் இருக்கிறது. அதைச் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? ஏமாற்றமாக இருந்தது. கோகன் என்றால் நமக்குத் தாஹிதிப் பெண்கள், ரத்தச் சிவப்பு மண், மாம்பழ மஞ்சள். இதிலோ அது எதுவும் இல்லை. வெளி, மரம், வானம். அடக்கமான பச்சை, அடக்கமான சாம்பல். பெரியவர்கள் வரைந்ததைப் பார்த்துப் பார்த்து, தப்பு வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து ஒரு கணக்குப்பிள்ளை வரைந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் யோசித்தேன். அதுதானே விஷயம்! அந்த வருஷம் அவருக்கு வயது 25. அப்போதுதான் மெத் என்ற டென்மார்க் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வாரத்தில் ஆறு நாள் ஷேர் கணக்கு. ஏழாவது நாளில் ஒரு மரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். மேதையின் படம் இல்லை அது. பழகுகிறவனின் படம்.

1876-ல் ஓர் அதிசயம் நடந்தது. பாரிஸுக்கும் வெர்சாய்க்கும் நடுவில் விரோஃப்ளே என்று ஓர் ஊர். அங்கே மரங்களுக்கு அடியில் கண்ட காட்சியை வரைந்து 'சலோன்' கண்காட்சிக்கு அனுப்பினார். முடிவெட்டுகிற சலூன் இல்லை சார், பிரான்ஸ் அரசாங்கத்து ஓவியக் கண்காட்சி. பெரிய பெரிய ஆட்களையே 'போய்யா' என்று திருப்பி அனுப்பிய நடுவர்கள் இருந்த இடம். கோகனின் விரோஃப்ளே ஓவியத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்!

அடுத்த நாள் அவர் என்ன செய்தார்? ராஜினாமா எழுதினாரா? இல்லை. ஆபீசுக்குப் போனார். அதற்கப்புறமும் ஆறேழு வருஷம் போனார். லீவு எடுத்துக்கொண்டு பொந்துவாஸ் ஊருக்குப் போய், பிஸாரோ என்ற பெரிய ஓவியரின் பக்கத்தில் உட்கார்ந்து வரையக் கற்றார். நாம் கொடைக்கானலுக்கு லீவு போடுவோம், அவர் குருகுலத்துக்கு லீவு போட்டார். நல்ல வருமானம் வேறு. 1879-ல் வருஷத்துக்குச் சுமார் 30,000 பிராங்க் சம்பாதித்தார் என்கிறார்கள். அந்தப் பணத்தில் பிஸாரோ, செஸான், மனே படங்களை வாங்கிச் சேர்த்தார்.

ஆக, நாவலில் வருகிற மாதிரி ஒரு வருஷம் மாலை வகுப்புக்குப் போய்விட்டு ஓடிப்போன ஆள் இல்லை. பத்து வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகச் சேமித்தவர். எங்கள் ஆபீஸ் பி.எஃப். மாதிரி!

"பொண்டாட்டி என்ன ஆனா?"

இப்போது என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன்.

1882 ஜனவரியில் பிரான்சில் ஒரு பெரிய வங்கி கவிழ்ந்தது. ஷேர் மார்க்கெட்டும் கூடவே விழுந்தது. 1883-ல் கோகன் அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்தார். அவர் வேலையை உதறினார் என்று கதைகள் சொல்கின்றன. மார்க்கெட்டும் அவரை உதறியது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதே வருஷக் கடைசியில் ஐந்தாவது குழந்தை பிறந்தது.

செலவு குறையும் என்று ரூவான் நகரத்துக்குக் குடிபோனார்கள். படம் விற்கவில்லை. மெத் பிள்ளைகளோடு கோபன்ஹேகனுக்குப் போனார். கோகனும் பின்னால் போய், அங்கே தார்ப்பாய் விற்கிற ஏஜென்டாக ஆனார். டேனிஷ் பாஷை தெரியாத ஆள் டென்மார்க்கில் தார்ப்பாய் விற்றால் எப்படி விற்கும்? மெத் பிரெஞ்சு டியூஷன் எடுத்தார், மொழிபெயர்த்தார், வீட்டு அடுப்பை எரிய வைத்தார். 1885-ல் கோகன் ஒரு மகனை மட்டும் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குத் திரும்பினார். வருஷத்துக்கு 30,000 பிராங்க் பார்த்தவர் போஸ்டர் ஒட்டிச் சாப்பிட்டார். அந்தப் பையனுக்கு அம்மை போட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு குடும்பமாக வாழவே இல்லை. 1891-ல் தாஹிதிக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் கோபன்ஹேகன் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனார். செல்ல மகள் அலீன் 1897-ல் செத்துப்போனாள். வயது பத்தொன்பது. அப்பா உலகத்தின் மறு கோடியில் இருந்தார். கணவர் சேர்த்து வைத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக விற்றுத்தான் மெத் காலத்தை ஓட்டினார்.

தாஹிதிக் கதையிலும் ஓர் இருட்டு உண்டு. நாற்பது தாண்டிய கோகன் அங்கே பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளை 'மனைவி' என்று வைத்துக்கொண்டார். ரொம்ப காலம் இதைப் 'பெரிய ஓவியரின் சாகச வாழ்க்கை' என்று எழுதி ரசித்தார்கள். பெண்ணைப் பெற்றவன் எவனும் இனி அப்படி ரசிக்க முடியாது. அவர் 1903-ல் இறந்தார். 1892-ல் வரைந்த 'கல்யாணம் எப்போது?' என்ற படம் 2014-ல் சுமார் 21 கோடி டாலருக்குக் கைமாறியது. அவர் குடும்பம் பட்டினி கிடந்த நாளில் அதில் ஒரு தம்படி வந்திருந்தால்...

இத்தனையும் மனைவியிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "படம் நல்லா இருக்குதா?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்கு."

"அது சரி. அதுக்காக எல்லாம் சரியாயிடாது" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நம்மூர் தந்தி ஆபீஸ்காரர்

பிரான்சை விடுங்கள். நம் சென்னையிலேயே ஒருத்தர் இருந்திருக்கிறார். கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயமுத்தூரில் பிறந்தவர். சின்ன வயசு மலபாரில், பொன்னானிப் பக்கத்துக் கிராமத்தில். பையன் வரைந்தது என்ன தெரியுமா? தென்னை மரம், தண்ணீர், பச்சை. நம் 'இயற்கைக் காட்சி' சாமான்கள்தான். ஆனால் போர்டைப் பார்த்து வரையவில்லை, நேரில் பார்த்து வரைந்தார். பதினேழு வயதிலேயே அவர் படம் சென்னையில் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி கண்காட்சியில் வந்தது.

அடுத்து நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்பா இறந்துபோனார். காலேஜை விட வேண்டியதாயிற்று. குடும்பத்தைக் காப்பாற்றத் தந்தி இலாகாவில் வேலை. பிறகு இன்ஷூரன்ஸ். 'கட்டுக்கடகட' என்று ஊராருடைய நல்லது கெட்டதைத் தட்டிக்கொண்டிருந்த இலாகாவில் ஓர் ஓவியர்! 1936-ல், இருபத்தைந்து வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீர்களே, அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அங்கே தலைவர். படித்து முடித்து, அதே பள்ளியில் ஆசிரியராகி, 1957-ல் அதற்கே பிரின்சிபால் ஆனார்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்கு அப்புறம் அவர் செய்த காரியம். படித்து முடித்த பையன்கள் எல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று பிரின்சிபால் யோசித்தார். தந்தி ஆபீசில் உட்கார்ந்தவர் அல்லவா, வயிறு என்றால் என்ன என்று தெரியும். 'பாடிக்' துணி, உலோக வேலை என்று கைத்தொழில் செய்து சம்பாதியுங்கள், அந்தப் பணம் உங்களைக் காப்பாற்றட்டும், ஓவியம் விற்றுத்தான் சோறு என்ற நிலைமை வேண்டாம் என்பது அவர் யோசனை. அப்படிச் சேர்த்த காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966-ல் பிறந்ததுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். மகாபலிபுரம் போகிற வழியில் இன்றைக்கும் இருக்கிறது. அடுத்த தடவை டூர் போகும்போது பஸ்ஸை நிறுத்திப் பாருங்கள்.

கோகன் தன் ஓவியத்துக்காகக் குடும்பத்தைப் பட்டினி போட்டார். பணிக்கர் முதலில் தன் குடும்பத்துக்குச் சோறு போட்டார், அப்புறம் ஒரு ஓவியர் கிராமமே சாப்பிட வழி செய்தார். இரண்டு பேரும் நல்ல ஓவியர்கள். இரண்டு பேருமே ஆபீஸ்காரர்கள்.

அப்பா சொன்ன மயில் கழுத்து

கடிதத்தைக் கிழிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாட்டர் கலர் பெட்டி, ஒரு டப்பா தண்ணீர், நாலு அட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனேன். ஆடு மேய்க்கிற பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன தம்பி, சர்வேயா?" என்றார். நிலம் எடுக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்!

2025-ல் பக்கத்து ஊர் கூமாப்பட்டி இன்ஸ்டாகிராமில் பிரபலமானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'ஏங்க... கூமாப்பட்டிக்கு வாங்க' என்று ஒரு வீடியோ. எங்கெங்கிருந்தோ கார் போட்டு வந்தார்கள். மலையைப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்தார்கள். சிரித்துவிட்டு, அப்புறம் எனக்கே சுருக்கென்றது. நான் மட்டும் என்ன? பிறந்ததிலிருந்து இங்கே இருக்கிறேன். மலை என்ன நிறம் என்று யாராவது கேட்டால் சொல்வேனா? 'பச்சை' என்பேன். அதுவும் போர்டில் பார்த்ததுதான்.

சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு அது பச்சை இல்லை. சூரியன் பின்னால் இறங்க இறங்க, நீலமா, ஊதாவா, சாம்பலா... சொல்லத் தெரியாத ஒரு நிறம். அன்றைக்குத்தான் 'சூரிய உதயம்' தப்பு என்று உறைத்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆட்டுக்காரர் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அந்த நிறம் மட்டும் கைக்கு வரவே இல்லை. நிழல்தானே என்று கறுப்பைக் கலந்தேன். மலை சாணி மெழுகிய சுவர் மாதிரி ஆயிற்று. ஆறு ஞாயிற்றுக்கிழமை, ஆறு சாணி மெழுகிய சுவர்.

என் அப்பா நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். குழித்தறி. இப்போது கண் ஆபரேஷன் ஆகித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். ஆறாவது படத்தைக் கையில் வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"மலைக்கு ஏன்டா அழுக்குக் கலர் அடிச்சே?"

"நிழல்ப்பா. கறுப்பு கலந்தேன்."

"கறுப்பைத் தொட்டா அழுக்காத்தான் போகும். மயில் கழுத்துச் சேலைக்கு மயில் கழுத்துக் கலர்லயா நூல் வாங்கறோம்? பாவு நீலம், ஊடை பச்சை. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடும். கலக்குறது தறி இல்லடா, பாக்கறவன் கண்ணு."

நான் வாயடைத்து நின்றேன். ஏன் தெரியுமா? அதே சேதியை ஒரு வாரம் முன்னால்தான் படித்திருந்தேன். பாரிஸில் கோபலான் என்ற புகழ்பெற்ற சித்திரத் திரை நெசவுச்சாலை. அங்கே சாயப் பிரிவுக்குத் தலைவர் ஷெவ்ரல் என்ற ரசாயன விஞ்ஞானி. 'உங்கள் கறுப்புச் சாயம் வெளுத்துத் தெரிகிறது' என்று புகார் வந்தது. ஆராய்ந்தால் சாயத்தில் குற்றமே இல்லை! பக்கத்தில் ஓடுகிற நூலின் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. ஒரு நிறம் என்னவாகத் தெரியும் என்பதைப் பக்கத்து நிறம் தீர்மானிக்கிறது என்று 1839-ல் புத்தகமாகவே போட்டார். பிஸாரோவும் அவர் கூட்டாளிகளும் நிழலில் கறுப்பை ஒதுக்கி நீலத்தையும் ஊதாவையும் வைத்தார்களே, அதற்குப் பின்னால் அந்த நூல்கண்டு ஆராய்ச்சியும் இருக்கிறது. பாரிஸ் ஓவியர்களுக்கு விஞ்ஞானி சொன்னதை எனக்குச் சுந்தரபாண்டியம் திண்ணையில் என் அப்பா சொல்கிறார். நாற்பது வருஷமாக அதே வீட்டில்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் கேட்கவில்லை.

"அப்பா, நீங்க வரைஞ்சு பாத்திருக்கீங்களா?"

"எனக்கு ஞாயித்துக்கிழமை ஏதுடா?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது. தறிக்காரனுக்குக் கூலி கஜக் கணக்கு. உட்கார்ந்தால்தான் காசு. எனக்கு மாதா மாதம் முதல் தேதி சம்பளமும், வாரா வாரம் ஒரு நாள் விடுமுறையும் கிடைக்க வேண்டும் என்றுதான் அவர் அந்தக் குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அதைத்தான் நான் லெமன் சாதத்தோடு கட்டிக் கொடுத்துவிடப் பார்த்தேன்.

இதைப் படித்துவிட்டு 'வேலையை விடவே கூடாது' என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். இருபத்தைந்து வயதில் பணிக்கர் விட்டாரே! காட்டையும் புலியையும் வரைந்து புகழ் பெற்ற ஹென்றி ரூஸோ, பாரிஸ் சுங்கச் சாவடியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, 1893-ல் ஓய்வு வாங்கிக்கொண்டுதான் முழு நேர ஓவியரானார். யாருக்கு எப்போது என்பது அவரவர் வீட்டு அடுப்புக்குத் தெரியும். நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். வேலையை விட்ட பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கோகனின் விரோஃப்ளே மரங்கள் ஒரு கிளார்க்கின் ஞாயிற்றுக்கிழமையில் முளைத்தவை.

பத்துக்கு ஏழு

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை நீலத்தைக் கோடு கோடாக வைத்து, இடுக்கில் பச்சையும் கொஞ்சம் ரோஸும் ஓட்டினேன். கறுப்பைப் பெட்டியிலிருந்தே எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மலை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வருகிற வழி தெரிந்தது. அப்பா தள்ளி வைத்துப் பார்த்து, "ம்... பாவு சரியா இருக்கு. ஊடை இன்னும் தளர்வா இருக்கு" என்றார். என் ஓவியத்துக்கு வந்த முதல் விமர்சனம்.

அன்றைக்கு என் மகளும் கூட வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு. வரையத் தாள் கேட்டாள். அட்டை தீர்ந்துவிட்டது. பையில் தேடினால், மடித்த வெள்ளைத் தாள் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் எழுதியிருந்தது, ஒரு பக்கம் காலி. காலிப் பக்கத்தைக் கொடுத்தேன்.

மலை போட்டாள். முக்கோணமாக இல்லை, எங்கள் மலை மாதிரியே மேடும் பள்ளமுமாக. பின்னால் பாதிச் சூரியன். கீழே தலைப்பு எழுதப் பென்சிலை வைத்தவள், நிமிர்ந்து ஒரு தடவை மேற்கே பார்த்தாள். 'சூரிய அஸ்தமனம்' என்று எழுதினாள்.

அதையே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். பத்துக்கு ஏழு. சூரியனுக்குக் கதிர் போடவில்லையாம்.

அவள் கவலைப்படவில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் ஒரே பயம். அந்த டீச்சர் தாளைத் திருப்பி, மறுபக்கத்தில் என் ராஜினாமாவைப் படித்திருப்பாரோ?